குடும்ப ஜெபமும் வீட்டு வாழ்க்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் குடும்ப ஜெபம் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். அது இன்னும் நடக்கிற வீடுகளில் அதை எப்படி உயிருள்ளதாக வைத்துக்கொள்வது என்றும், நின்றுபோன வீடுகளில் எப்படித் திரும்பத் தொடங்குவது என்றும் இளம் பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களுடைய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே உள்ளன. எழுதியிருப்பது சீர்திருத்த சபைகளின் வழக்கத்தை ஒட்டியே என்றாலும், பெரும்பகுதி கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் பொருந்தும்.

ஞாயிறு ஆராதனையும் ஓய்வுநாள் பாடசாலையும் இருக்கும்போது, வீட்டில் தனியாக எதற்கு?

வாரத்தில் ஒரு நாள் ஒன்றிரண்டு மணி நேரம் சபையில் கேட்பதைப் பிள்ளைகள் மீதி ஆறு நாளும் வீட்டில் சரிபார்க்கிறார்கள் என்பதே முதல் காரணம். வேதமும் போதிக்கும் பொறுப்பை முதலில் வீட்டாரிடந்தான் ஒப்படைக்கிறது. உபாகமம் 6-ஆம் அதிகாரம், வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் கர்த்தருடைய வார்த்தைகளைக் குறித்துப் பிள்ளைகளோடு பேசும்படி கட்டளையிடுகிறது; அந்த நான்கு வேளைகளில் ஒன்றுகூட ஆலயத்துக்குள் நிகழ்வதில்லை.

சபை வரலாற்றிலும் இந்த எண்ணம் புதிதன்று. மார்ட்டின் லூத்தர் 1529-இல் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் பாடநூலை வெளியிட்டபோது, குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய விதத்தில் அதன் பகுதிகளை அமைத்து, காலை ஜெபம், மாலை ஜெபம், உணவுக்கு முன்னும் பின்னும் சொல்லும் ஜெபம் ஆகியவற்றையும் சேர்த்தார். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட கொள்கைத் திரட்டில், குடும்பத்தை வீட்டுத் திருச்சபை என்று அழைத்து, பெற்றோரே பிள்ளைகளுக்கு முதல் விசுவாச அறிவிப்பாளர்கள் என்றது.

குடும்ப ஜெபம் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்?

பத்து நிமிடம் போதும். பதினைந்தைத் தாண்ட வேண்டாம். பாமாலையிலிருந்தோ கீர்த்தனையிலிருந்தோ இரண்டு சரணம், ஒரு வேதபகுதி, அதைப் பற்றி ஓரிரு வார்த்தை, ஒருவருடைய ஜெபம், எல்லாரும் சேர்ந்து சொல்லும் கர்த்தருடைய ஜெபம், கடைசியில் கிருபையின் வார்த்தைகள். இந்த வரிசை நம் வீடுகளில் காலங்காலமாக இருப்பதுதான். அதை மாற்ற அவசியமில்லை. நீட்டாமல் இருந்தால் போதும். வீட்டுப் பெரியவர் உலக நாடுகள் அனைத்துக்காகவும் ஜெபித்து முடிக்கும்வரை முழங்காலில் தூங்கிப்போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பெரியவருடைய பக்தியில் குறையில்லை. அவருடைய தனி ஜெபமாக இருக்க வேண்டிய நீளம் குடும்ப ஜெபத்துக்குள் வந்துவிட்டது, அவ்வளவே.

ஆளுக்கொரு நேரத்தில் வீடு திரும்புகிறோம். எந்த நேரத்தை வைத்துக்கொள்வது?

வீட்டில் பெரும்பாலானோர் ஒன்றாக இருக்கும் நேரம் எதுவோ அதுவே. டியூஷன் முடிந்து பிள்ளைகள் எட்டரைக்கு வருகிறார்கள் என்றால் இரவு உணவுக்கு உட்காரும் முன் வைத்துக்கொள்ளலாம். இரவுப் பணிக்குச் செல்கிறவர்கள் இருக்கும் வீட்டில் அவர் புறப்படும் நேரத்தை ஜெப நேரமாக்கலாம். எல்லாரும் வந்து சேரட்டும் என்று காத்திருக்கும் வீட்டில் ஜெபம் மெல்ல மெல்ல ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் உரியதாகிவிடும்; ஆகவே இருவர் இருந்தாலும் தொடங்கிவிடுங்கள்.

வேதத்தில் எதை வாசிப்பது? ஆதியாகமத்திலிருந்து வரிசையாகப் போகலாமா?

வேதாகமத்தின் 66 புத்தகங்களிலும் 1189 அதிகாரங்கள் உள்ளன. நாளுக்கு மூன்று அதிகாரத்துக்கு மேல் வாசித்தால்தான் ஓராண்டில் முடியும். அது ஒருவர் தனியாக எடுத்துக்கொள்ளத்தக்க நல்ல பயிற்சி. பத்து வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு குடும்பமாகச் செய்ய முயன்றால், பலிகளையும் சட்டங்களையும் விவரிக்கும் லேவியராகமத்தில் வண்டி நின்றுவிடும். முதலில் மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறே அதிகாரங்கள், அதிகாரம் அதிகாரமாக அல்லாமல் சம்பவம் சம்பவமாக வாசிக்கலாம். திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரின் கதையை ஒரு நாள் வாசித்தால், அந்தக் கூரையை யார் சரிசெய்து கொடுத்தார்கள் என்று ஒரு பிள்ளை நிச்சயமாகக் கேட்கும். அந்தக் கேள்விக்கு வேதத்தில் பதில் இல்லை, ஆனால் உரையாடல் தொடங்கிவிடும். நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஒன்றாக வாசிக்கும் வழக்கமும் நல்லதே. சபையின் பஞ்சாங்கத்தில் குறித்திருக்கும் பாடங்களைப் பின்பற்றுகிறவர்கள் மற்ற வீடுகளோடு சேர்ந்து வாசிக்கிறோம் என்ற நினைவோடு வாசிக்கலாம்.

பழைய மொழிபெயர்ப்பின் நடை பிள்ளைகளுக்குக் கடினமாக இருந்தால், அதை ஒருவரும் இன்றைய தமிழில் உள்ள மொழிபெயர்ப்பை இன்னொருவரும் வாசிக்கலாம். பழைய நடையை முற்றாகக் கைவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தாத்தாவும் பாட்டியும் மனப்பாடமாகச் சொல்லும் வசனங்கள் அந்த நடையில்தான் உள்ளன. பேரப்பிள்ளைகளுக்கும் அவை காதில் விழுந்திருக்க வேண்டும்.

புத்தாண்டு வாக்குத்தத்த வசனத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். அது போதாதா?

மாட்டி வைப்பதில் தவறில்லை. ஆனால் அந்த ஒற்றை வசனம் எந்த அதிகாரத்திலிருந்து வந்தது என்பதையும் ஒரு நாள் குடும்பமாக வாசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. நமக்காகத் தேவன் நினைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்று அது சொல்கிறது. அதற்கு முந்திய வசனத்திலேயே எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்பிவருவீர்கள் என்று எழுதியிருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்று அதே கடிதம் அறிவுறுத்துகிறது. ஊரை விட்டுச் சென்னையிலோ வளைகுடா நாடுகளிலோ பிழைக்கும் குடும்பத்துக்கு, இந்த வருஷமே எல்லாம் நடந்துவிடும் என்ற உறுதிமொழியைக் காட்டிலும் இந்த முழுக் கடிதம் எவ்வளவோ ஆறுதலானது.

வளர்ந்த பிள்ளைகள் ஜெபத்துக்கு வர மறுக்கிறார்கள். கட்டாயப்படுத்தலாமா?

மிக அதிகமாகக் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். பெற்றோர் எதிர்பார்க்கும் பதில் பிள்ளைகளைப் பற்றியதாக இருக்கும். முதலில் நம் ஜெபத்தைப் பற்றிப் பேச வேண்டும். "ஆண்டவரே, இந்த வீட்டில் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிற பிள்ளையை நீர் மாற்றும், படிப்பில் கவனத்தைக் கொடும், பெற்றோர் சொல்லுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும்" என்று தகப்பன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்போது, அவர் யாரிடம் பேசுகிறார் என்பது எதிரே உட்கார்ந்திருக்கும் பதினாறு வயதுப் பையனுக்கு நன்றாகத் தெரியும். பதில் பேச முடியாத நேரம் பார்த்து, தேவனைச் சாட்சியாக வைத்துக்கொண்டு கொடுக்கும் திட்டு அது. மதிப்பெண் வந்த நாளில் இது நடந்தால் அந்தப் பையன் மறுநாள் வராமல் இருப்பதற்கு அவனிடம் நியாயம் உண்டு. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று எபேசியர் 6:4-இல் பவுல் பிதாக்களுக்குத்தான் எழுதுகிறார். கொலோசெயர் 3:21-இல் அவர்கள் திடனற்றுப்போகாதபடிக்கு என்று காரணத்தையும் சேர்க்கிறார்.

ஆகவே பிள்ளையின் குறையை ஜெபத்தில் சொல்லாதீர்கள்; அதைத் தனியே உட்காரவைத்து நேராகப் பேசுங்கள். ஜெபத்தில் உங்கள் சொந்தக் குறையைச் சொல்லுங்கள். "இன்று அலுவலகத்து எரிச்சலை வீட்டில் காட்டிவிட்டேன், என்னை மன்னியும்" என்று தகப்பன் பிள்ளைகள் காதுபட ஜெபிக்கும் வீடுகள் மிகக் குறைவு. அப்படி ஜெபிக்கும் வீட்டில் பிள்ளைகளும் காலப்போக்கில் வாய்திறப்பார்கள்.

கட்டாயத்தைப் பொறுத்தவரை, சிறுவர்களுக்கு இரவு உணவைப் போல இதுவும் வீட்டின் ஒழுங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மிரட்டல் தேவையில்லை. கல்லூரி வயதினரை அழைக்கலாம், வற்புறுத்தக் கூடாது. அவர்கள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகள், படைப்பும் பரிணாமமும் பற்றியதானாலும் மற்ற மதத்தவரின் இரட்சிப்பைப் பற்றியதானாலும், துடுக்கு என்று வாயடைக்கப்படாமல் கேட்கப்பட வேண்டும். "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்றுதான் யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தில், எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா நியமிக்கப்படுகிறது. கேள்வி கேட்கும் பிள்ளையை எதிர்பார்த்தே ஏற்படுத்தப்பட்ட பண்டிகை அது. உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, சபைப் போதகரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை என்ன செய்வது?

மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடினால் ஓடட்டும். ஒரு பாட்டும் "ஆமென்" என்ற சொல்லும் அந்த வயதுக்குப் போதும்.

கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். பெண்கள் குடும்ப ஜெபத்தை நடத்தலாமா?

நடத்தலாம் என்பது மட்டுமன்று, நம் வீடுகளில் அதைப் பெரும்பாலும் காத்துவந்தவர்களே அம்மாக்களும் ஆச்சிகளுந்தான். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது, அது முந்தி அவனுடைய பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் நிலைத்திருந்தது என்கிறார். அவனுடைய தகப்பனோ கிரேக்கன் என்று அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரம் குறிக்கிறது. கணவர் குவைத்திலோ துபாயிலோ இருந்தால் வாரத்துக்கு ஒரு முறையாவது வீடியோ அழைப்பில் அவரும் சேர்ந்துகொள்ளட்டும். வேதபகுதியை அவர் அங்கிருந்து வாசிக்கலாம். பாட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இணையத்தின் தாமதத்தால் இரண்டு பக்கமும் வெவ்வேறு சரணம் பாடிக்கொண்டிருக்க நேரும்.

கணவர், அல்லது மனைவி, கிறிஸ்தவர் அல்லர். வீட்டில் ஜெபிப்பது எப்படி?

அவருடைய மனம் புண்படாதபடியும் ஒளிக்காமலும் ஜெபிக்க வேண்டும். கிறிஸ்தவரல்லாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் தள்ளிவிடக் கூடாது என்று 1 கொரிந்தியர் 7-இல் பவுல் தெளிவாக எழுதியிருக்கிறார். பேதுருவின் முதல் நிருபம் 3-ஆம் அதிகாரம், போதனையின்றி நடக்கையினாலேயே துணையை ஆதாயப்படுத்தலாம் என்கிறது. எனவே அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு அவருடைய மனந்திரும்புதலுக்காக உரக்க ஜெபிப்பது வேண்டாம். பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்பதை இருவரும் வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்க வேண்டும். அவர் வீட்டுப் பெரியவர்களின் விழாக்களிலும் துக்கங்களிலும் உறவாகக் கூட நிற்பது உங்கள் விசுவாசத்தைக் குறைத்துவிடாது.

சண்டை போட்ட நாளிலும் ஜெபத்துக்கு உட்கார வேண்டுமா?

உட்காருவதற்கு முன் சண்டையை முடிக்க முயல வேண்டும். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இயேசு சொல்கிறார். மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யும்படி கணவர்களுக்குக் கட்டளையிடும் பேதுரு, "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" என்கிறார். அடுக்களையில் மனைவியை ஏசிவிட்டுக் கூடத்தில் வந்து வேதத்தைத் திறப்பவருக்கு அந்த வசனம் நேரடியாகவே பொருந்தும். முழு ஒப்புரவு அன்றைக்கே கூடிவராவிட்டால், கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் சேர்ந்து சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். கடன்பட்டவர்களுக்கு மன்னிக்கிறதுபோல என்ற வரியை அன்று இருவரும் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல நேரலாம்.

அடி உதை நடக்கும் வீட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே "பொறுத்துக்கொண்டு ஜெபி" என்ற ஆலோசனை, யார் கொடுத்தாலும், தவறானது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டிருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181. அவற்றை நாடுவது விசுவாசக் குறைவாகாது.

ஜெபத்துக்கு வெளியே, வீட்டு நடப்பில் விசுவாசம் எங்கே தெரிய வேண்டும்?

பணத்திலும் திருமணத்திலும்.

நம் அம்மாக்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, சேர்ந்ததை ஆலயத்துக்குக் கொண்டுபோன கைப்பிடி அரிசி வழக்கம் பல ஊர்களில் இருந்தது. கையில் ரொக்கமே இல்லாத பெண்களும் அதனால் தம் சொந்தக் காணிக்கையைக் கொடுக்க முடிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கொடுப்பதை அடுக்களையிலேயே கற்றார்கள். இன்று கைபேசிச் செயலியில் காணிக்கை அனுப்பிவிடுகிறோம்; வசதிதான், ஆனால் பிள்ளைகள் எதையும் பார்ப்பதில்லை. மாதத் தொடக்கத்தில் குடும்பமாக உட்கார்ந்து, சபைக்கு எவ்வளவு, கஷ்டப்படும் உறவினருக்கு எவ்வளவு என்று பிள்ளைகளும் கேட்கும்படி பேசினால் அந்தக் குறை தீரும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளமும் அந்தப் பேச்சில் வரட்டும். கூலியைப் பொழுதுபோகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவருக்குத் தனித் தம்ளர் வைத்திருக்கும் வீட்டில் வாசிக்கப்படும் வேதத்தைப் பிள்ளைகள் எப்படி நம்புவார்கள்?

திருமணம் இன்னும் கடினமானது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைகளுக்குள் சாதி வேறுபாடு முற்றிலும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆகியும், கிறிஸ்தவ மணமகன் தேவை என்று கொடுக்கும் விளம்பரத்தில் சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கிறது. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நகைக் கணக்குப் பேசி முடித்த கையோடு ஜெபித்து நிச்சயத்தை உறுதிசெய்யும் வீடுகள் இன்றும் உள்ளன. பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே, இந்த வீட்டில் சாதி பார்க்கவும் மாட்டோம், வரதட்சிணை வாங்கவும் கொடுக்கவும் மாட்டோம் என்று பெற்றோர் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. சொன்ன பிறகு மாறுவது கடினம். அதனால்தான் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறேன்.

அயலார் படைத்த பொங்கலையோ பிரசாதத்தையோ கொண்டுவந்து தந்தால் வாங்கலாமா?

இதில் விசுவாசிகளுக்குள் மாறுபட்ட கருத்துகள் உண்டு. பவுலின் காலத்திலேயே இருந்தன. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று 1 கொரிந்தியர் 8-இல் சொல்லும் அவர், பலவீனமான மனச்சாட்சியுள்ளவருக்கு இடறலாகாதபடி பார்த்துக்கொள்ளவும் சொல்கிறார். 10-ஆம் அதிகாரத்தில், படைக்கப்பட்டது என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால் அவர்நிமித்தம் புசியாதிருங்கள் என்கிறார். பாத்திரத்தை அன்போடு வாங்கிக்கொண்டு நன்றி சொல்லுங்கள், உண்பதா வேண்டாமா என்பதை உங்கள் மனச்சாட்சியின்படி முடிவுசெய்யுங்கள் என்பதே என் பதில். வாசலில் நிற்பவரிடம் வேதபாடம் நடத்த வேண்டாம். கிறிஸ்மஸுக்கு அந்தப் பாத்திரம் முறுக்கும் அதிரசமுமாகத் திரும்பிப் போக வேண்டும்.

லெந்து காலத்தை, அதாவது தவக்காலத்தை, வீட்டில் எப்படி அனுசரிப்பது?

சாம்பல் புதன் முதல் உயிர்த்தெழுதல் பண்டிகைவரை, ஞாயிறுகளைச் சேர்க்காமல், 40 நாட்கள். இறைச்சியை நிறுத்துவது பெரும்பாலான வீடுகளில் வழக்கம். அதனால் மிச்சமாகும் பணத்தை ஓர் உண்டியலில் போட்டு, யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிள்ளைகளே முடிவுசெய்யட்டும். இறைச்சிக்குப் பதிலாக விலையுயர்ந்த பனீர் வாங்கினால் உண்டியலில் ஒன்றும் சேராது.

ஜெபித்தும் நோய் தீரவில்லை. வீட்டில் மரணமும் நேர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

நம் விசுவாசம் போதவில்லை என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அந்தக் குற்ற உணர்வைச் சுமந்தே வளர்ந்தவர்கள் உண்டு. நமக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள். சேர்ந்து அழுங்கள். புலம்புவதற்கும் வேதத்தில் வார்த்தைகள் இருக்கின்றன: 13-ஆம் சங்கீதம் எதுவரைக்கும் என்று கேட்கிறது, 88-ஆம் சங்கீதம் ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஜெபமும் வேதத்துக்குள் இடம்பெற்றிருக்கிறது என்பதைத் துக்க வீட்டில் வாசித்தே தெரிந்துகொள்ளலாம். நோய் இருக்கும்போது ஜெபத்தின் பேரில் மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர்.

பல வருஷங்களாகக் குடும்ப ஜெபம் இல்லை. இப்போது தொடங்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

கூச்சம் இயல்பானதுதான், குறிப்பாகக் கணவன் மனைவிக்குள். பெரிய அறிவிப்போ தீர்மானமோ வேண்டாம். இரவு உணவு முடிந்ததும், தட்டுகளை எடுக்குமுன், அங்கேயே 121-ஆம் சங்கீதத்தை ஒருவர் வாசிக்கட்டும், எட்டே வசனங்கள். பிறகு கர்த்தருடைய ஜெபம். ஒரு வாரம் இவ்வளவே போதும். இரண்டாம் வாரத்தில் வாசிக்கும் முறையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், மூன்றாம் வாரத்தில் பாட்டைச் சேருங்கள். யாருக்கும் ராகம் தெரியாவிட்டால் ஊரிலிருக்கும் ஆச்சிக்குப் போன் செய்து கேளுங்கள்.